ஒன்பது மணிக்குப் பிறகு கொழும்பு

கொழும்பு மாநகர சபையின் எல்லைக்குள் அடங்கும் நிலம் ஏறத்தாழ 37 சதுர கிலோமீற்றர்தான். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்த எல்லைக்குள் வாழ்ந்தவர்கள் ஐந்தரை இலட்சத்துக்குச் சற்று அதிகம். தெஹிவளை, கோட்டே, கொலன்னாவை, மகரகமை என்று நகரத்தோடு ஒட்டி வளர்ந்துவிட்ட பகுதிகளையும் சேர்த்து மாவட்டம் முழுவதையும் எண்ணினால் 23 இலட்சம் பேர். உலகக் கணக்கில் இது நடுத்தர நகரம். தெற்கே வெள்ளவத்தையில் பஸ் ஏறி வடக்கே மட்டக்குளியில் இறங்குபவர் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றருக்குள் நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வந்துவிடுகிறார். இந்த அளவுள்ள ஒரு நகரம் இருபதுகளில் இருக்கும் ஒருவருக்கு மகிழ்ச்சியாக வாழக்கூடிய இடமா என்ற கேள்வி, உயர்தரப் பெறுபேறு வரும்போதும் முதல் வேலைக்கான கடிதம் கைக்கு வரும்போதும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஹற்றனிலும் பல வீடுகளில் எழுகிறது.

இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் விடைகள் இரண்டு. ஒரு சாரார் காலிமுகத்திடல், தாமரைக் கோபுரம், பேரங்காடிகள், துறைமுக நகரத்துச் செயற்கைக் கடற்கரை என்று இடங்களை அடுக்கி, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்பார்கள். மற்றச் சாரார் சென்னையையோ கோலாலம்பூரையோ பார்த்துவிட்டு வந்து, இருட்டியதும் அடங்கிவிடுகிற ஊரில் இளையவருக்கு என்னதான் இருக்கிறது என்று அலுத்துக்கொள்வார்கள். இரண்டு விடைகளும் பாதி வழியில் நின்றுவிடுகின்றன என்பது, இந்த நகரத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவிட்ட என்னுடைய கணிப்பு. கொழும்பில் போவதற்கு இடங்களுக்குக் குறைவில்லை. போன இடத்திலிருந்து எத்தனை மணிக்கு, எதில், யாரோடு திரும்பி வரலாம் என்பதுதான் ஒருவருடைய மாலைப்பொழுதை நிர்ணயிக்கிறது. அந்தத் திரும்பும் வழியைப் பார்த்தால் இந்நகரம் யாருக்கு இனிக்கிறது, யாருக்குக் கசக்கிறது என்பது பெருமளவு விளங்கிவிடும்.

முதலில் இனிப்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது உண்மை. கோட்டையிலிருந்து தெற்கே போகும் கரையோர ரயில் பாதை கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை ஆகிய நிலையங்களைக் கடலின் ஓரமாகவே தொட்டுச் செல்கிறது. அலுவலகம் முடிந்து நெரிசலில் கதவோரம் நின்று வருகிற ஒருவரின் முகத்தில் உப்புக்காற்று படுகிறது. வெள்ளவத்தையில் இறங்கினால் மரைன் டிரைவ். அதன் ஒரு பக்கம் தொடர்மாடி வீடுகள், மறுபக்கம் தண்டவாளம், தண்டவாளத்துக்கு அப்பால் கருங்கற்கள், கற்களுக்கு அப்பால் கடல். மாலை ஆறரைக்கு அந்த வீதியில் நடந்து பார்த்தால், காதில் இயர்போன் மாட்டியபடி ஓடுகிறவர்கள், வேலைக் களைப்போடு கல்லில் உட்கார்ந்திருப்பவர்கள், சுருளில் கடலை வாங்கி மூவராகப் பகிர்பவர்கள், அடுத்த மாதப் பரீட்சையைப் பற்றித் தமிழில் சத்தமாக விவாதிப்பவர்கள் என்று இளையவர்கள் நிறைந்திருப்பார்கள். இதற்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. தலைநகரம் ஒன்றின் நடுவில், வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில், சூரியன் கடலில் இறங்குவதைக் காசு கொடுக்காமல் பார்க்க முடிவது சிறிய காரியம் அன்று.

நகரத்தின் அளவும் இளையவர்களுக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. பெருநகரங்களில் நண்பர்களைக் காண்பதற்கு நாள் குறித்து, மணிக்கணக்கில் பயணம் செய்ய வேண்டியிருக்கும். இங்கே கொட்டாஞ்சேனையில் இருப்பவரும் தெஹிவளையில் இருப்பவரும், நெரிசல் அடங்கிய வேளையானால், பம்பலப்பிட்டியில் அரை மணித்தியாலத்துக்குள் சந்தித்துவிடலாம். சொல்லிவைக்காமலே தெரிந்த முகங்களைக் காணவும் முடிகிறது. வெள்ளவத்தைப் பூபாலசிங்கம் புத்தகசாலையில் ஒரு சஞ்சிகையைப் புரட்டிக்கொண்டு நிற்கும்போது பழைய வகுப்புத் தோழி தோளைத் தட்டுவதும், செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் நடக்கும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சியில் இரண்டாவது வரிசையைத் தாண்டுமுன் நான்கு பேரைக் கண்டு கதைப்பதும் கொழும்புவாசிகளுக்குப் பழகிப்போனவை. நகரத்துக்குள் எந்த ஒரு சமூகமும் பாதிக்கு மேல் இல்லை என்பதையும் இதனோடு சேர்த்து நினைக்க வேண்டும். இளைஞர் ஒருவரின் நண்பர் வட்டத்தில் சிங்களவரும் முஸ்லிம்களும் பறங்கியரும் மலாயரும் இயல்பாகவே வந்து சேர்கிறார்கள். ஒரே மொழியும் ஒரே சமயமும் உள்ள ஊரில் வளர்ந்துவிட்டு இங்கே வருபவருக்கு இந்தக் கலப்பு முதலில் திகைப்பாகவும் பிறகு விட்டுப்பிரிய மனம் வராத ஒன்றாகவும் ஆகிவிடுவதை நான் பலரிடம் கண்டிருக்கிறேன்.

பசுமையும் இருக்கிறது. விகாரமகாதேவி பூங்கா, சுதந்திர சதுக்கத்தின் நடைபாதை, பத்தரமுல்லைப் பக்கத்துத் தியத உயன, பெத்தகான ஈரநிலப் பூங்கா என்று அதிகாலையில் போக இடங்கள் உண்டு. 2018இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரங்களாக முதன்முதலில் அங்கீகரிக்கப்பட்ட 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்று. உணவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. நள்ளிரவில் கொத்து ரொட்டி கொத்தும் சத்தத்தைக் கேட்ட எவரும் கொழும்பில் சாப்பாட்டுக்கு வழியில்லை என்று சொல்லமாட்டார்கள்.

ஆனால் அந்த நள்ளிரவுக் கொத்து ரொட்டியை யார் போய்ச் சாப்பிடுகிறார்கள் என்று கவனித்தால் விடயம் வேறாகிறது. வெளியூரிலிருந்து படிக்கவும் வேலைக்கும் வந்த இளம் பெண்களில் பெரும்பாலானோர் போர்டிங்கிலோ, வீட்டுக்காரரின் வாசலைத் தாண்டிப் போகவேண்டிய அனெக்ஸிலோ வாழ்கிறார்கள். அறை பார்க்கப் போகும் முதல் நாளிலேயே வாடகைக்கு முன்பாகச் சொல்லப்படுவது கேற் பூட்டும் நேரம். நான் இருபத்திரண்டு வயதில் வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கையில் தங்கியிருந்த வீட்டில் அது எட்டரை. வீட்டுக்கார அன்ரி அன்பானவர்தான். காய்ச்சல் வந்தால் கஞ்சி காய்ச்சித் தருவார். ஆனால் எட்டு முப்பத்தைந்துக்கு வந்தால், "பிள்ளை, நான் உங்கட அம்மாவுக்குப் பதில் சொல்லவேணும்" என்று சொல்லிக்கொண்டே திறப்புக் கோர்வையை எடுத்து வருவார். அந்தத் திறப்புச் சத்தத்துக்குப் பயந்து, கதிரேசன் மண்டபத்தில் நாடகம் ஒன்றின் கடைசிக் காட்சியைப் பார்க்காமல் எழுந்து ஓடி வந்திருக்கிறேன். அந்த நாடகம் எப்படி முடிந்தது என்பதை மறுநாள் நண்பன் ஒருவன் சொல்லித்தான் அறிந்தேன். அவனுடைய அறைக்குப் பூட்டும் நேரம் இருக்கவில்லை. இப்போது ஒன்பது, ஒன்பதரை என்று சில இடங்களில் தளர்ந்திருக்கிறது. சட்டமாக எழுதப்படாத இந்த விதியை மீறினால் அறை போய்விடும் என்ற நிலை மட்டும் மாறவில்லை.

கேற்றைத் திறந்துவைத்தாலும் வீதி இருக்கிறது. 100ஆம், 101ஆம் இலக்கப் பஸ்கள் பகலெல்லாம் காலி வீதியில் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடுகின்றன. இரவு ஒன்பதைத் தாண்டினால் அவை ஐதாகிவிடும், கரையோர ரயில்களும் அப்படியே. உள்வீதிகளுக்கு அந்நேரத்தில் பஸ் என்று ஒன்று இருப்பதாகவே நம்ப முடியாது. பயணமும் எல்லோருக்கும் ஒன்றல்ல. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், இலங்கையில் பஸ்ஸிலோ ரயிலிலோ ஒரு முறையேனும் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் 90 சதவீதம். அவர்களுள் பொலிஸாரிடம் உதவி தேடியவர்கள் 4 சதவீதம் மட்டுமே. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் ஒரு பெண்ணின் கொழும்பு மாலை சுருங்கிப்போகிறது. எட்டு மணிக் கூட்டத்துக்குப் போவதா வேண்டாமா என்று அவள் யோசிக்கும்போது கூட்டம் நன்றாக இருக்குமா என்ற எண்ணம் இரண்டாவதாகவே வருகிறது. முதலில் வருவது, முடிந்ததும் யார் அந்தப் பக்கம் வருகிறார்கள் என்ற விசாரணை.

இந்த நிலையைச் செல்பேசி ஓரளவு மாற்றியது. 2015இல் பிக்மீ சேவை தொடங்கி, அதே ஆண்டின் இறுதியில் ஊபரும் வந்தபிறகு, பேரம் பேசாமல், வண்டியின் இலக்கமும் போகும் பாதையும் வீட்டில் இருப்பவருக்கும் தெரியும்படி முச்சக்கரவண்டி ஒன்றை வாசலுக்கே அழைக்க முடிந்தது. அதற்கு முன்னர் இரவு பத்து மணிக்குத் தனியாக ஓட்டோ பிடிப்பது எவ்வளவு படபடப்பான காரியம் என்பதை இன்றைய இருபது வயதினர் அறியமாட்டார்கள், அறியாமல் இருப்பதும் நல்லதுதான். எனினும் அந்த வசதிக்கு விலை உண்டு. பஸ்ஸில் போகும் காசைப் போலப் பல மடங்கு கொடுத்து வாரத்துக்கு ஒருநாள் திரும்பி வரலாம், நாளாந்தம் முடியாது. நகரத்தின் பொதுப் போக்குவரத்து அந்த இடைவெளியை நிரப்பியிருக்க வேண்டும். மாலபேயிலிருந்து கோட்டை வரை சுமார் 16 கிலோமீற்றருக்கு இலகு ரயில் பாதை அமைக்க ஜப்பான் நீண்டகாலக் கடன் தர 2019இல் உடன்பட்டது. அந்தத் திட்டத்தை 2020 செப்டெம்பரில் அரசாங்கம் கைவிட்டது. செலவு, பயன் என்று அதைப் பற்றி நடந்த விவாதங்கள் எல்லாவற்றிலும், நேரசூசியின்படி இரவில் ஓடக்கூடிய வண்டி ஒன்று மாலபேயில் படிக்கும் பிள்ளைகளுக்கும் அந்தப் பக்கம் வேலை செய்யும் இளையவர்களுக்கும் என்ன கொடுத்திருக்கும் என்ற கேள்வி மிகக் குறைவாகவே கேட்கப்பட்டது. எனக்கு அது இன்றும் பெரிய இழப்பாகத்தான் படுகிறது.

தமிழ் வீடுகளில் இந்த நேரக் கட்டுப்பாட்டுக்கு இன்னொரு வேர் இருக்கிறது. அதைச் சொல்லாமல் கொழும்புத் தமிழ் இளையவரின் மாலையை விளக்க முடியாது. 1983 ஜூலையில் இந்த நகரத்தின் வீதிகளில் நடந்ததைக் கண்டவர்களே இன்றைய இருபது வயதினரின் தாத்தாக்களும் அம்மம்மாக்களும். போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகள், சுற்றிவளைப்புகள், விடுதிகளிலும் வாடகை வீடுகளிலும் தங்கியிருந்தோர் பொலிஸில் பதிய வேண்டிய நிலை ஆகியவற்றுக்குள் வாழ்ந்தவர்களே பெற்றோர். 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை போன்ற இடங்களில் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் முந்நூற்றுக்கும் அதிகமானோர் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. நீதிமன்றம் தடுத்தது என்பது சட்டப் புத்தகத்தில் இருக்கும். விடியற்காலையில் கதவு தட்டப்பட்டது என்பதே வீடுகளில் நினைவிருக்கும். அந்த நாட்களில், வேலை முடிந்ததும் அடையாள அட்டையைச் சட்டைப்பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டு, பஸ்ஸில் தமிழில் கதைப்பதைத் தணித்துக்கொண்டு, பொழுதுபடுமுன் அறைக்குத் திரும்புவது எங்கள் எல்லோருக்கும் பழக்கமாகியிருந்தது.

போர் 2009இல் முடிந்தது. சாவடிகள் அகன்றன. "நேரத்தோட வந்திடு" என்ற சொல் மட்டும் அகலவில்லை. அதைச் சொல்கிற தாய்க்கே சிலவேளை எதற்காகச் சொல்கிறோம் என்பது தெளிவாக இராது. மகளுக்கோ அது வெறும் கட்டுப்பாடாகக் கேட்கும். இரண்டு தலைமுறைகளுக்கிடையே இந்த ஒரு சொல்லின்மேல் எழும் சண்டைகள் பல என் நண்பர்களின் வீடுகளில் நடந்திருக்கின்றன. பிள்ளைகளின் பக்கம் நியாயம் இருக்கிறது. பெற்றோர் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருந்த ஆண்டுகளையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்குப் பிறகும் இந்நகரம் இளையவர்களை நிம்மதியாக விட்டுவைக்கவில்லை. 2000ஆம் ஆண்டளவில் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் பாடசாலையை விட்டு வெளியே கால் வைக்கும் 2019இல் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் ஏனைய இடங்களிலும் உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள் வெடித்தன. 2020 மார்ச்சிலிருந்து மே மாதக் கடைசி வரை கொழும்பு ஊரடங்கில் கிடந்தது. 2022இல் எரிபொருள் வரிசையும், மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நீண்ட மின்வெட்டும் வந்தன. ஊர் சுற்றும் வயது என்று சொல்லப்படும் ஆண்டுகளில் பாதியை அவர் உள்ளே அடைபட்டும் வரிசையில் நின்றும் கழித்திருக்கிறார்.

2022 வேறொன்றையும் காட்டியது. காலிமுகத்திடலின் கல்வெட்டு ஒன்று, ஆளுநர் ஹென்றி வார்டு 1859இல் அந்தத் திடலை முடித்து, கொழும்பின் பெண்கள், சிறுவர்களின் நலனுக்காக அதைப் பேணும்படி தனக்குப் பின் வருவோரைக் கேட்டுக்கொண்டதைச் சொல்கிறது. பெண்களின் பெயரால் விடப்பட்ட அந்த வெளியிலிருந்து மாலையில் முதலில் எழுந்து போக வேண்டியவர்கள் பெண்களாகவே இருந்து வந்தார்கள். 2022 ஏப்ரல் 9 முதல் ஜூலை வரை அந்த ஒழுங்கு குலைந்தது. ஜனாதிபதி பதவி விலக வேண்டும் என்று கோரிய போராட்டக்காரர்கள் கூடாரம் அடித்த அந்த நூற்றுச் சொச்ச நாட்களில் அங்கே நூல்நிலையம் இருந்தது, இலவச உணவு இருந்தது, பாட்டு இருந்தது, இரவெல்லாம் வெளிச்சமும் ஆட்களும் இருந்தார்கள். தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. மே 18ஆம் திகதி முள்ளிவாய்க்கால் கஞ்சி அங்கே பகிரப்பட்டது. அந்த அரசியலை எல்லாத் தமிழரும் ஒரே கண்ணால் பார்க்கவில்லை. வடக்கில் பலர் தள்ளியே நின்றார்கள், அதற்குக் காரணமும் இருந்தது. ஆனால் நகர வாழ்க்கை என்ற ஒரு கோணத்தில் மட்டும் பார்த்தால், இரவு பதினொரு மணிக்கு இளம் பெண்கள் கூட்டமாக வெளியே நின்று மூன்று மொழியிலும் வாதாடிவிட்டு, பயமின்றி வீடு திரும்பியதை இந்நகரம் அவ்வளவு நாட்கள் தொடர்ச்சியாகக் கண்டது அப்போதுதான். அதற்கு மதுச்சாலையோ பெரிய கட்டடமோ தேவைப்படவில்லை. வெளிச்சம், ஆட்கள், குடிக்கத் தண்ணீர், உட்கார இடம் இருந்தால் போதுமாக இருந்தது. ஜூலை 22 அதிகாலையில் படையினர் புகுந்தபின், சில வாரங்களில் அந்த இடம் வெறுமையானது.

அதே ஆண்டு கொடுத்த பொருளாதார அடி இன்னும் ஆறவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதத்தைத் தொட்டது. பணவீக்கம் பின்னர் இறங்கியது என்றால் விலை ஏறும் வேகம் குறைந்தது என்று பொருள். ஏறிய விலை ஏறியபடியே நிற்க, வாடகையும் சாப்பாடும் சம்பளத்தைக் கடித்துத் தின்கின்றன. 2023 ஜனவரியில் மாதம் ஒரு இலட்சம் ரூபாயைத் தாண்டிய சம்பளத்துக்கு வரி வந்தது, உச்ச வீதம் 36 சதவீதம். அதனால் கணினித் துறையில் நன்றாகச் சம்பாதித்த இளையவர்களும் கையைப் பொத்திக்கொண்டார்கள். 2025 ஏப்ரலில் அந்த எல்லை ஒன்றரை இலட்சமாக உயர்ந்தது அவர்களுக்குச் சிறிய மூச்சு.

இங்கே புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்யும் மலையக இளைஞர்களைப் பற்றிப் பேசியாக வேண்டும். கொழும்பு இளையவர் என்றவுடன் நினைவுக்கு வருபவர்களின் வரிசையில் அவர்கள் எப்போதும் விடுபட்டுப்போகிறார்கள். நுவரெலியா, ஹற்றன், பதுளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பதினெட்டு, இருபது வயதில் வந்து, பிரதான வீதியிலும் கெய்சர் வீதியிலும் துணிக்கடையிலும் மொத்த வியாபாரத்திலும் நிற்கும் இவர்களில் பலர் கடையின் மேல்மாடியிலேயே படுத்து எழுகிறார்கள். வாடகை இல்லை, சாப்பாடு கிடைக்கும், ஆனால் நேரம் முதலாளியுடையது. 2025 ஏப்ரலில் தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 27,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. வேலை செய்யும் நாட்களால் பிரித்தால் ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாய் அளவில் வரும். தாமரைக் கோபுரம் 2022 செப்டெம்பரில் மக்களுக்குத் திறக்கப்பட்டபோது உள்ளூராருக்கான நுழைவுச் சீட்டு 500 ரூபாயும், வரிசையில் நிற்காமல் போவதற்கு 2000 ரூபாயுமாக இருந்தது. ஊருக்குக் காசு அனுப்பவேண்டிய ஒரு பையன் புறக்கோட்டையின் எந்த ஒழுங்கையிலிருந்து நிமிர்ந்தாலும் அந்தக் கோபுரத்தைப் பார்ப்பான். மேலே ஏறுவது வேறு கணக்கு.

ஞாயிறு பின்னேரம் அவர்கள் காலிமுகத்திடலுக்கு வருவார்கள். நன்றாகத் தோய்த்து மடித்த சட்டை, வாரி விட்ட தலை, நான்கைந்து பேராக. ஒருவனின் செல்பேசியில் மற்றவர்கள் மாறி மாறிப் படம் எடுப்பார்கள். பின்னணியில் பெரிய ஹோட்டல்கள் விழும்படி நிற்பார்கள், அது ஊரில் தங்கைக்கு அனுப்புவதற்கு. இறால் வடை ஒரு தட்டு வாங்கி, மிளகாய்த் தூள் தூவிய அன்னாசித் துண்டை ஆளுக்கு ஒன்றாகக் குத்தி எடுத்து, அலை கால் நனைக்கும் படிக்கட்டில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். வீதிக்கு மறுபக்கம் 2019இல் திறந்த பேரங்காடி குளிரூட்டியோடு நிற்கிறது. அதற்குள்ளும் ஒரு சுற்றுப் போய் வருவார்கள், வாங்குவதற்கு அல்ல. ஏழரை மணியளவில் எழுந்து புறக்கோட்டைக்கு நடப்பார்கள், கடையின் இரும்புக் கதவு இழுபடுமுன் போய்ச் சேர வேண்டும். வெள்ளவத்தைப் போர்டிங் பெண்ணுக்கும் புறக்கோட்டைக் கடைப் பையனுக்கும் ஊர் வேறு, படிப்பு வேறு, சமூகம் வேறு. பூட்டும் கதவு இருவருக்கும் ஒன்று. இவர்கள் இருவரும் போன பிறகு மிஞ்சும் கொழும்பைத்தான் சுற்றுலா விளம்பரங்கள் இரவு வாழ்க்கை என்று காட்டுகின்றன.

அந்த இரவு வாழ்க்கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஹோட்டல் மதுச்சாலைகளும் இசை விடுதிகளும் இருக்கின்றன. மது விற்பனைக்கு வயதெல்லை 21, முழுநிலவுப் போயா தினங்களில் விற்பனையே இல்லை. பெண்கள் மது வாங்குவதற்கு 1979 முதல் இருந்த தடையை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் நீக்க, சில நாட்களுக்குள் அன்றைய ஜனாதிபதி அந்த நீக்கத்தையே இரத்துச் செய்தார். குடிக்க விரும்பாதவளுக்குக்கூட, அவளுடைய மாலையைப் பற்றி நாடு என்ன நினைக்கிறது என்பதை அந்தச் சில நாட்கள் சொல்லிவிட்டன. துறைமுக நகரத்துக்காகக் கடலை நிரப்பிய 269 ஹெக்டேயர் நிலமும் கடலோர நடைபாதையும் அழகாகத்தான் இருக்கின்றன. அங்கிருந்து பஸ் பிடிக்க எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதை ஒரு முறை போய் வந்தவர் அறிவார்.

தமிழில் மாலைப்பொழுதைக் கழிக்க என்ன இருக்கிறது என்று கேட்டால் விடை கலப்பானது. 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையில் நூலகத்தோடும் சங்கரப்பிள்ளை மண்டபத்தோடும் இயங்குகிறது. சரஸ்வதி மண்டபம், கதிரேசன் மண்டபம், இராமகிருஷ்ண மிஷன் மண்டபம் ஆகியவற்றில் அரங்கேற்றங்களுக்கும் நூல் வெளியீடுகளுக்கும் குறைவில்லை. இவற்றுக்குப் போனால் முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரை நரைத்த தலைகளே அதிகம். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, ஆய்வுரை, ஏற்புரை, நன்றியுரை என்று மூன்று மணித்தியாலம் போகும் கூட்டத்தில் இருபத்து மூன்று வயதினர் தாமாக வந்து உட்காராததை அவர்களின் தமிழ்ப்பற்றுக் குறைவு என்று சொல்வது நியாயம் அன்று. லயனல் வென்ட் அரங்கில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இளையவர்கள் தாங்களே எழுதி, நடித்து, சிரிக்கவைக்கும் மேடைகள் தொடர்ந்து நடக்கின்றன. தமிழில் அப்படி ஒரு மேடை அவ்வப்போது மின்னி மறைகிறது. சென்னைத் திரைப்படம் வெளியாகும் முதல் நாள் தெஹிவளைக் கொன்கோட் திரையரங்கில் எழும் ஆரவாரத்தைக் கேட்டவர், தமிழ் இளையவர்கள் கூடுவதற்குத் தயாராகவே இருக்கிறார்கள் என்பதை உணர்வார். கூடுவதற்கு உள்ளூரில் செய்த காரணம் ஒன்றுதான் போதாமல் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். 2022இல் மட்டும் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட கடவுச்சீட்டுகள் வழங்கப்பட்டன. ஒரு நகரம் ஒருவருக்கு இனிப்பது பெரும்பாலும் அங்கே இருக்கும் நான்கைந்து மனிதர்களால்தான். அந்த நால்வரில் இருவர் மெல்பேர்னுக்கும் ஒருவர் ரொறன்ரோவுக்கும் போய்விட்டால், மரைன் டிரைவ் அதே மரைன் டிரைவாக இருந்தும் கல்லில் உட்காரத் துணை இராது. சிறிய நண்பர் வட்டங்களால் வாழும் நடுத்தர நகரத்துக்கு இந்த இழப்பு பெருநகரத்துக்கு உறைப்பதை விடக் கூடுதலாக உறைக்கிறது. போனவரின் இடத்தை நிரப்பப் புதியவர் ஒருவர் வர வேண்டும். வருகிறவர் மட்டக்களப்பிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ வந்து, முதலில் எட்டரை மணிக் கதவுக்குப் பின்னால்தான் ஓர் ஆண்டைக் கழிக்கிறார்.

வெள்ளிக்கிழமை இரவுகளில் வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்துக்கும் கிழக்குக்கும் போகும் சொகுசு பஸ்கள் வரிசையாக நிற்கும். வார விடுமுறைக்கு ஊர் போகும் இளையவர்கள் பைகளோடு ஏறி, இருக்கை இலக்கம் தேடி, கீழே நிற்கும் நண்பருக்குக் கண்ணாடி வழியே கை காட்டுவார்கள். திங்கட்கிழமை அதே பஸ்கள் முந்நூறு, நானூறு கிலோமீற்றர் ஓடித் திரும்பி வந்து, விடிவதற்கு நெடுநேரம் முன்பாகவே அவர்களைக் காலி வீதியில் இறக்கிவிடும். வேலைக்கு ஏழு மணிக்குப் புறப்பட வேண்டும் என்பதற்காக நான் பல ஆண்டுகள் அப்படி இறங்கியிருக்கிறேன். மணி நாலரை இருக்கும், இருட்டுத்தான். ஆனால் தேநீர்க்கடை ஒன்று திறந்திருக்கும். ஓட்டோக்காரர்கள் விழித்திருப்பார்கள். பனங்கட்டிப் பெட்டியும் மாம்பழப் பையுமாகப் பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் ஒழுங்கைகளுக்குள் பிரிவார்கள். அவர்களில் பாதிப்பேர் இளம் பெண்கள். ஒருவரும் தோளைத் திரும்பிப் பார்த்து நடப்பதில்லை, ஒருவரும் வீட்டுக்கு அழைத்து எங்கே நிற்கிறேன் என்று சொல்வதில்லை. எங்கள் அன்ரி அந்த வேளைக்கு மட்டும் கேற்றைப் பூட்டாமல் சாத்தி வைத்திருப்பார்.